தங்குமிடம் எங்கே?

பட்டினத்துக்குப் புறப்படுகின்றவன் அங்கே எதைப் பார்க்கப் போகிறான் என்பதை முன்னரே அறிந்திருப்பான். எங்கே தலைசாய்க்கப் போகிறான் என்பதைக் கடைசி நேரத்தில்தான் யோசிப்பான். கலியாணத்துக்குப் போகின்றவனுக்கு வீட்டுக்காரர் இடம் ஒதுக்கித் தருவர். தீர்த்த யாத்திரை போகின்றவனுக்கு மடம் உண்டு. கதிர்காமத்துக்குப் போகின்றவனுக்கு மாணிக்க கங்கைக் கரையின் மரத்தடியே போதும். விளையாட்டுப் பார்க்கப் போகின்றவனுக்கோ மடமும் இல்லை, மரத்தடியும் இல்லை. அவனைப்போல் ஆயிரக்கணக்கானோர் அதே நாளில் அதே இடத்துக்கு வருகின்றார்கள். எல்லோருக்கும் ஓர் இரவு விடிந்தாக வேண்டும். மலைநாட்டிலிருந்து போகின்ற எங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் சற்று நீளமானது.

2011ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத் துடுப்பாட்டப் போட்டிகளை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 26ஆம் திகதி நடந்த காலிறுதியில் இங்கிலாந்தின் 229 ஓட்டங்களைத் தரங்கவும் தில்ஷானும் ஆளுக்கொரு சதம் அடித்து, ஒரு விக்கெட்டும் விழாமல் கடந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, மார்ச் 29, நியூசிலாந்துடன் அரையிறுதி. இடம் கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு. இறுதியாட்டம் பம்பாயில் என்பதால், வென்றாலும் தோற்றாலும் முத்தையா முரளிதரன் சொந்த மண்ணில் ஆடும் கடைசி ஆட்டம் அதுவே.

முரளிதரனைப் பற்றித் திம்புள்ளயில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் இந்தியாவுக்கே திரும்பிவிட, முரளியின் தந்தையார் கண்டியிலேயே தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். எங்கள் லயத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தக் கதையின் முற்பாதி இருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களின் வம்சத்திலிருந்து வந்த ஒருவர், அந்த நாட்டின் பெயரைச் சட்டையில் தாங்கி 800 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார் என்பதை எங்கள் பெரியவர்கள் விளையாட்டுச் செய்தியாக மட்டும் கேட்டுக்கொண்டதில்லை.

கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், எந்த அணிகள் மோதும் என்பது தெரியாமலே அரையிறுதிக்கு மூன்று நுழைவுச்சீட்டுகள் வாங்கி வைத்திருந்தான். வேலை நிமித்தம் அவனால் போக முடியாமற் போகவே, காலிறுதிக்கு மறுநாள் என்னை அழைத்து, “சேர், நீங்க ஐயாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றான். எனக்கொன்று, என் தந்தையாருக்கொன்று, என் தமக்கையின் பன்னிரண்டு வயது மகனுக்கொன்று என மூன்று சீட்டுகளும் உடனே உரியவர்களைக் கண்டுகொண்டன.

திங்கள் இரவு தலவாக்கலையில் அஞ்சல் வண்டி ஏறினால் செவ்வாய் விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். அதுவரை சிக்கல் இல்லை. ஆட்டம் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பத்து மணியளவில் முடியும். மலைநாட்டுக்கு வருகின்ற அஞ்சல் வண்டியோ எட்டு மணியளவிலேயே கோட்டையை விட்டுப் புறப்பட்டுவிடும். 1996 மார்ச் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில் கென்யாவுக்கு எதிராக இலங்கை 398 ஓட்டங்கள் குவித்தபோது எங்கள் தோட்டத்துப் பையன்கள் காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். கண்டி அவ்வளவு அருகு. அது பகல் ஆட்டமும்கூட. கொழும்பில் மின்னொளியில் நடக்கும் ஆட்டத்தைப் பார்ப்பவன் அந்த இரவைக் கொழும்பிலேயே கழித்தாக வேண்டும்.

என் தந்தையார் 28 ஆண்டுகளாகக் கொழும்பில் ஓர் இரவும் கழித்ததில்லை.

1983ஆம் ஆண்டு ஜூலையில் அவர் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் 25ஆம் திகதி கடையும் போயிற்று, அவருடைய தகரப் பெட்டியும் போயிற்று. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானவர்களுடன் பல நாட்கள் கிடந்துவிட்டு, உடுத்திய உடுப்போடு தோட்டத்துக்குத் திரும்பினார். மறுபடியும் பெயர் பதிந்துகொண்டு, பெரட்டுக் களத்தில் நின்று, கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். அதன்பின் எத்தனையோ அலுவல்களுக்குக் கொழும்புக்குப் போய் வந்திருக்கிறார். ஆனால் பொழுது சாய்வதற்கு முன் பஸ் ஏறிவிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் காம்பராவில் கூடிய குடும்ப சபையில், “எங்கே தங்குவது?” என்ற கேள்வி எழுந்தபோது அதன் கனம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மருமகன் ஒருவனுக்குத்தான் அது வெறும் புவியியல் வினா. பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, கொழும்பு ஒன்று முதல் பதினைந்து வரை இலக்கமிட்ட நகரம் என்பதை எங்களுக்கெல்லாம் விளக்கினான்.

முதலிலே பிரஸ்தாபிக்கப்பட்டது கொழும்பு 6, அதாவது வெள்ளவத்தை. கடற்காற்று, சைவச் சாப்பாட்டுக் கடைகள், தமிழிலேயே விலை கேட்டு வாங்கக்கூடிய புடைவைக் கடைகள் என எல்லாச் சௌகரியங்களும் உள்ள இடம். அத்தை மகன் ஒருவன் அங்கே வாடகைக்கு இருக்கிறான். ஆனால் வெள்ளவத்தை நகரத்தின் தென்கோடியில் இருக்கிறது, விளையாட்டரங்கோ வடகிழக்கில். ஆட்டம் முடிந்து சனம் கலைகின்ற நேரத்தில் நகரத்தையே குறுக்கறுத்துப் போக வேண்டும். பஸ் கிடைப்பது நிச்சயமில்லை. முச்சக்கரவண்டிக்காரர் அந்த நேரத்தில் கேட்கின்ற கூலி எங்களுக்குக் கட்டாது. தூரத்தையே காரணமாகச் சொல்லி நான் அதை விலக்கினேன். தந்தையார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

அடுத்தது கொழும்பு 11, புறக்கோட்டை. புகையிரத நிலையமும் பஸ் நிலையமும் கைக்கெட்டும் தூரம். செட்டியார் தெருப் பக்கமாகத் தமிழர் நடத்தும் சிறிய விடுதிகள் உண்டு, கட்டணமும் அதிகமில்லை. ஆனால் விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் என் தாயார் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டார். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர் 376 பேரை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பியதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியதும் நாலாண்டுக்கு முந்திய செய்தி. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது, இனி அப்படியெல்லாம் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். “முடிஞ்சது தெரியும். ஆனா நடுச்சாமத்துல கதவத் தட்டினா, தட்டுறது ஆருன்னு தெரியாத எடத்துல ஒங்கப்பா தூங்குவாரா?” என்று தாயார் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

கொள்ளுப்பிட்டியிலும் கோட்டையிலும் உள்ள பெரிய ஹோட்டல்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்நாளைய கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்த்து 405 ரூபாய். அதிலும் 90 ரூபாய் வருகைக்கானது. மாதத்தில் வேலைக்கு வந்த நாட்கள் குறைந்தால் அதுவும் இல்லை. மார்ச் மாதமோ திம்புள்ளத் தேயிலையின் பேர்போன பருவம். காய்ந்த குளிர்காற்றடித்து கொழுந்து மணக்கின்ற காலம். இந்த இரண்டு நாட்களுக்குத் தந்தையாரின் பெயர் விழாது. தாயாரோடு சேர்ந்து கணக்குப் பார்த்துத்தான் அந்த இழப்புக்கே சம்மதித்திருந்தார்கள். தாயார் தம் பெயரை விடவில்லை. மூன்று சீட்டுக்கும் அவர் ஆசைப்படவுமில்லை.

மறுநாட் காலையில் ஒரு புதிய யோசனை வந்தது. தலவாக்கலைக் கடைவீதியில் நாங்கள் தலைமுறையாகத் துணி வாங்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், விஷயத்தைக் கேள்வியுற்று, “ஏன் அலையிறீங்க? மாளிகாவத்தையில எங்கட தங்கச்சி வீடு இருக்கு. மாடியில இருந்து பார்த்தா மைதானத்து லைட்டு தெரியும்” என்றார். மாளிகாவத்தை கொழும்பு 10ஐச் சேர்ந்தது. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தை நிரப்பி எழுப்பிய அரங்கு அது; 1986 பெப்ரவரி 2ஆம் திகதி கெத்தாராம என்ற பெயரிலே திறக்கப்பட்டது. 1997இல் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்ததும் அங்கேதான். சுற்றிலும் தொடர்மாடி வீடுகளும் ஒடுங்கிய சந்துகளும் உழைக்கும் மக்களும். அரங்கிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு வீடு என்றால் அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இரண்டே அறைகள் உள்ள வீட்டில், பெண்பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில், முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் இரவு தங்குவது முறையல்ல என்று தந்தையார் தீர்மானமாகச் சொன்னார். “நானா மனசு பெருசு. அதுக்காக நாம அவுங்க பாயப் பறிக்கலாமா?” என்பது அவருடைய நியாயம். பகலில் போய் ஒரு வாய் தேநீர் குடிப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

எஞ்சியது கொழும்பு 13, கொட்டாஞ்சேனை. என் பெரியம்மாவின் மகள் அங்கே இருக்கிறாள். அத்தான் துறைமுகத்தில் வேலை. ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் அவர்களுக்கு ஓர் அறையும் ஒரு நடையும். மலையகத்திலிருந்து வேலை தேடிப் போன பிள்ளைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். கடையிலே நிற்கின்ற பையனிடம் பேச்சுக் கொடுத்தால் அவன் ஊர் பொகவந்தலாவையாகவோ மஸ்கெலியாவாகவோ இருக்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் கருங்கல்லால் எழும்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் ஜிந்துப்பிட்டி முருகனும் அருகருகே இருக்கின்ற பகுதி. அங்கிருந்து ஆமர் வீதிச் சந்தியைக் கடந்து மாளிகாவத்தைக்கு நடந்தே போய்விடலாம். பஸ்ஸையோ கூலி வண்டியையோ நம்ப வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை அழகான இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெரிசலும் சாக்கடை நாற்றமும் லொறிகளின் இரைச்சலும் நிறைந்த பகுதி அது. 1983ஆம் ஆண்டைக் கணக்கிலெடுத்தால் கொழும்பில் தமிழர் வாழ்ந்த எந்தப் பகுதியும் நற்சான்றிதழ் பெறாது. அது தந்தையாருக்கும் தெரியும். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, அக்காளிடம் கேட்டார்: “அம்மாடி, ராத்திரி பதினொரு மணி ஆவும். கீழ்க்கதவ ஆரு தொறப்பா?”

“நான் முழிச்சிருப்பேன் சித்தப்பா. வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லி வைக்கிறேன்” என்றாள் அவள்.

“அப்ப சரி” என்று தந்தையார் தொலைபேசியை என்னிடம் தந்தார். தூரம், கட்டணம், சாப்பாடு, திரும்பும் வழி என்று நான் தாளிலே எழுதி வைத்திருந்த நான்கு காரணங்களையும் அந்த ஒரு கேள்வி பின்தள்ளிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பகலில் வாக்குக் கொடுத்தபடி மாளிகாவத்தை வீட்டுக்குப் போனோம். தேநீர் என்று சொன்னது சோறும் இறைச்சிக் கறியுமாக வந்தது. வாயில்கள் திறக்கும் நேரத்தை அந்த வீட்டுப் பையன்களே பார்த்து வந்து சொல்லி, எங்களைச் சந்து சந்தாக அழைத்துப் போய் வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார்கள்.

ஆட்டத்தை இங்கே முழுவதும் வருணிக்கப் போவதில்லை. நியூசிலாந்து 217 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. முரளிதரனுக்கு இரண்டு விக்கெட்டுகள். அவற்றிலொன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. தம் பத்தாவது ஓவரின் கடைசிப் பந்தில், அதாவது இலங்கை மண்ணில் அவர் வீசிய கடைசிப் பந்தில், 57 ஓட்டங்களோடு நிலைத்து நின்ற ஸ்டைரிஸை அவர் எல்.பி.டபிள்யூ. முறையில் வெளியேற்றினார். அரங்கம் எழுந்து நின்றது. பப்பரே வாத்தியக்காரர் என்ன வாசிக்கிறார்கள் என்றே கேட்கவில்லை. தந்தையார் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தியபடி, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவரைப்போல நின்றார். சங்கக்கார 54, தில்ஷான் 73 என இலங்கை 47.5 ஓவர்களில் ஐந்து விக்கெட்டுகளை இழந்து வெற்றி பெற்றது.

பின்னர் அந்த நடை. பட்டாசும் கொடியும் ஊதுகுழலுமாகச் சனம் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. சிங்களப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் எங்களோடு வந்த வேறு தமிழ்க் குடும்பங்களும் ஒரே வெள்ளமாய்ப் போனோம். மருமகன் முகத்தில் யாரோ ஒரு பெண்பிள்ளை மஞ்சளும் சிவப்புமாக வர்ணம் பூசிவிட்டாள். ஆமர் வீதிப் பக்கம் வந்ததும் கூட்டம் குறைந்தது. ஒரு திருப்பத்தில் இரண்டு இராணுவத்தினர் நின்றார்கள். அவர்களில் இளையவர் எங்களைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தந்தையாரின் வலக்கை சட்டைப் பைக்குப் போயிற்று; அங்கேதான் அவருடைய தேசிய அடையாள அட்டை இருந்தது. “ஹட்டன் பக்கம், திம்புள்ள” என்று சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

அந்த இளைஞர் அட்டையைக் கேட்கவில்லை. முரளியின் கடைசிப் பந்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். தாம் காவற்பணியில் நின்றதால் அதைப் பார்க்க முடியவில்லை என்றார். மருமகன் பந்து எப்படித் திரும்பியது என்று விரலால் சுழற்றிக் காட்டினான். அவன் அறிந்த அரைகுறைச் சிங்களம் அதற்குப் போதுமானதாக இருந்தது. இரு வீரர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். தந்தையாரும் சிரித்தார். ஆனால் அவருடைய கை சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. வீதி விளக்கின் கீழே நான் அதைக் கண்டேன்.

அக்காள் வீட்டுக் கீழ்க்கதவுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. அக்காளும் வீட்டுக்கார அம்மாளும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் பரிமாறினாள். நடையிலே பாய் விரித்து மூவரும் படுத்தோம். தெருவில் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தந்தையார் விழித்துக்கொள்வாரோ என்று நான் செவிமடுத்துக் கிடந்தேன். பொழுது விடியும் தருணத்தில் அவருடைய குறட்டையைக் கேட்டேன். கொழும்பில் 28 ஆண்டுகளுக்குப் பின் அவர் உறங்கிய உறக்கம் அது.

நான்கு நாள் கழித்துப் பம்பாயில் இறுதியாட்டம் தோல்வியில் முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்காகத் துக்கித்தவன் மருமகன் மட்டுமே. தந்தையார் அன்று தாயாரிடம் பேசியதெல்லாம் மாளிகாவத்தை வீட்டுக் கறியைப் பற்றியும், அக்காள் வீட்டு மாடிப்படி செங்குத்தாக இருப்பதைப் பற்றியுமே. அடுத்த தடவை போகும்போது அவளுக்கு இரண்டு கிலோ நல்ல தூளும் கொஞ்சம் கரட்டும் கோவாவும் கொண்டுபோக வேண்டும் என்றார். ‘அடுத்த தடவை’ என்ற சொல்லைத் தாயாரும் கவனித்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரயாணத்துக்கு ஆயத்தமாகின்றவர்களுக்குச் சொல்லத்தக்க புத்திமதிகள் பல உண்டு. ஆட்டம் முடியும் நேரத்தையும் கடைசி வண்டியின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நடந்துபோகக்கூடிய இடத்தைத் தெரிந்தெடுங்கள். சனம் கலைகின்ற நேரத்தில் கால்களைவிட நம்பகமான வாகனம் இல்லை. போட்டி நாட்களில் விடுதிக் கட்டணம் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். இவையெல்லாம் எந்த நகரத்துக்கும் பொருந்தும். எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. அதை என் தந்தையாரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்பொழுதும் எங்கள் தோட்டத்துப் பையன்கள் கொழும்பில் ஓர் ஆட்டம் என்றால் அவரிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. அவர்கள் கைத்தொலைபேசியில் படம் காட்டி, இந்த விடுதி நல்லதா, அந்த விடுதி மலிவா என்று வினவுவார்கள். அவர் படத்தைப் பார்ப்பதில்லை. “கதவத் தொறக்கிற ஆள் பேரு தெரியுமா?” என்று கேட்பார். தெரியும் என்றால், “போயிட்டு வாங்கடா” என்பார். தெரியாது என்றால், அக்காளின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுப்பார்.